ரோபோவுக்கும் கண் வேண்டும்!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு



இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில் நடந்ததைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். அங்கே ஓர் அண்ணன் சின்னச் சின்ன இரும்புத் தட்டுகளை எடுத்து ஃபிக்ஸ்சரில் வைத்துக்கொண்டே இருந்தார். தட்டின் ஓர் ஓரத்தில் ஒரு துளை. அதன் ஒரு முகத்தில் மட்டும் ஸ்க்ரூவின் தலை உட்கார கவுண்டர்சிங்க் போட்டிருக்கும். அன்று ஷிப்ட் முடிவில் பார்த்தால் ஏழு தட்டுகள் தலைகீழ். அவருக்கு அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். "தம்பி, எட்டு மணி நேரம் ஒரே தட்டைப் பார்த்தா, கண்ணு பார்க்கும், மனசு பார்க்காது" என்றார். இந்தக் கட்டுரைக்கு விதை அந்த வார்த்தைதான்.

குருட்டு ரோபோ

1961-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில், யூனிமேட் என்ற முதல் தொழிலக ரோபோ வேலைக்குச் சேர்ந்தது. டை காஸ்டிங் மிஷினிலிருந்து சூடான பாகங்களை எடுப்பது அதன் வேலை. சொல்லிக் கொடுத்த இடத்துக்குக் கை போகும், பிடிக்கும், வைக்கும். பாகம் சற்றுத் தள்ளியோ திரும்பியோ கிடந்தால் அதற்குத் தெரியாது. வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்!

அப்படியானால் பாகத்தைச் சரியாகத் திருப்பிக் கொடுத்தால் போதாதா? அதற்குத்தான் அதிர்வில் இயங்கும் பவுல் ஃபீடர் இருக்கிறது. தவறாகத் திரும்பிய பாகம் வழியிலேயே மீண்டும் கிண்ணத்துக்குள் விழுந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாகத்தின் டிசைன் மாறினால் அந்த வழியையும் மாற்றிச் செய்ய வேண்டும். பெரிய, கனமான வார்ப்புகளுக்கு அது சரிப்படாது.

கண் எப்படிப் பார்க்கிறது?

கேமரா எடுக்கும் படம் புள்ளிகளின் கூட்டம். 640-க்கு 480 என்றால் மொத்தம் 3,07,200 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை ஓர் எண். ஓர் எல்லை எண்ணை வைத்து, அதற்கு மேல் பாகம், கீழ் பெல்ட் என்று பிரிக்கிறோம். இனி மூன்று கேள்விகள்.

1. எங்கே? பாகத்தின் புள்ளிகளுடைய சராசரியே அதன் மையம். மெக்கானிக்ஸில் நாம் போட்ட சென்ட்ராய்டு கணக்குதான்! 320 மி.மீ. அகலம் 640 புள்ளிகளில் விழுந்தால், ஒரு புள்ளி அரை மி.மீ.

2. எந்தக் கோணம்? இதுவும் பழைய நண்பர்தான்: மொமென்ட் ஆஃப் இனர்ஷியா. அது மிகக் குறைவாக வரும் அச்சு, பாகத்தின் நீளவாக்கைக் காட்டும். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. அச்சு ஒரு கோடுதான். அதில் தலை எது, வால் எது என்று தெரியாது. 30 டிகிரியும் 210 டிகிரியும் அதற்கு ஒன்றே. நம் தட்டில், மையத்திலிருந்து துளை எந்தப் பக்கம் என்று பார்த்தால் தலை தெரிந்துவிடும்.

3. எந்த முகம் மேலே? கீழிருந்து வெளிச்சம் கொடுத்தால் நிழலுருவம் பளிச்சென்று கிடைக்கும். ஆனால் கவுண்டர்சிங்க் தெரியாது. இரண்டு முகத்துக்கும் வட்டத் துளைதான் தெரியும். மேலிருந்து வெளிச்சம் போட்டால்தான் துளையைச் சுற்றிச் சரிவு ஒரு வளையமாகத் தெரியும். தலைகீழாக வந்ததை ரோபோ தொடாமல் விட்டுவிடலாம்; அது சுற்றி மறுபடி வரட்டும்.

ஓடும் பெல்ட்டில்

பெல்ட் வினாடிக்கு 200 மி.மீ. ஓடுகிறது, கணக்குப் போட 0.1 வினாடி ஆகிறது என்றால், அதற்குள் பாகம் 20 மி.மீ. நகர்ந்துவிடும். ஆகவே படம் எடுத்த நொடியிலேயே பெல்ட்டின் என்கோடர் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு ஓடிய தூரத்தைக் கூட்டிக்கொண்டே ரோபோவின் கையை அனுப்ப வேண்டும்.

ஃபவுண்டரியில் வென்ற கதை

ஃபவுண்டரியில் பெல்ட்டும் அழுக்கு, வார்ப்பும் அழுக்கு. இரண்டும் ஒரே நிறமானால் எல்லை எண் என்ன செய்யும்? ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சியாளர்கள் கன்சைட் என்ற அமைப்பில் அழகான வழி கண்டார்கள். இரு பக்கத்திலிருந்தும் சாய்வாக ஒளிக்கீற்றுகளைப் பெல்ட்டில் ஒரே கோட்டில் விழச் செய்தார்கள். பாகம் வந்தால் அதன் உயரத்தால் கோடு அந்த இடத்தில் விலகும். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அங்கே இருட்டு. நிறத்தைப் பார்க்காமல் உயரத்தைப் பார்த்தார்கள்! 1981-இல் கனடாவின் செயின்ட் கேதரின்ஸ் ஃபவுண்டரியில் மூன்று ரோபோக்கள் இப்படி ஆறு வகை வார்ப்புகளை, மணிக்கு 1,400 வரை, பிரித்தெடுத்தன. ஏறக்குறைய இரண்டரை வினாடிக்கு ஒன்று!

நாமும் செய்யலாம்

இன்று இதைச் செய்து பார்க்க ஒரு வெப்கேமும், ஓப்பன்சிவி என்ற இலவச மென்பொருளும் போதும். எங்கள் புராஜெக்டில் காலையில் சரியாக வேலை செய்தது, மதியம் ஜன்னல் வெயில் விழுந்ததும் உளறியது. ஓர் அட்டைப்பெட்டியால் மூடி, உள்ளே ஒரு எல்இடி விளக்கு வைத்ததும் அடங்கியது. புரோகிராமைத் திருத்தும் முன் வெளிச்சத்தைத் திருத்துங்கள். எங்களுக்கு இரண்டு வாரம் பிடித்த பாடம் இது.

அந்த அண்ணன் கடைசியாகக் கேட்டார்: "நீங்க படிக்கிற ரோபோ வந்தா எனக்கு வேலை இருக்குமா தம்பி?" அன்று பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். இன்றும் முழு பதில் என்னிடம் இல்லை. ஆனால் எந்தத் தட்டு எப்படித் தவறாகும் என்பது அவருக்குத்தான் தெரியும். கேமராவுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க அவர் வேண்டும். மிஷினுக்குக் கண் கொடுக்கப் போகும் நாம், அவரை மறந்துவிட்டு அமைத்தால், குருடர் நாம்தான்.

சிந்திப்போம், செய்வோம் நண்பர்களே!