கூட்டம் உன்னை விட்டுப் போகும் இடம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

"எல்லாத்தையும் விட வேகமான வீல் எதுண்ணா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். ஒரே வரியில் பதிலும் சொல்லலாம். சமதளத்துக்கு முன்னால் ஜிப் 808, பின்னால் சூப்பர்-9 டிஸ்க். நீண்ட மலை ஏற்றத்துக்கு லைட்வெயிட் மைலன்ஸ்டைன். இரண்டும் கலந்த பாதைக்கு டிடி ஸ்விஸ் ஆர்க் 1100 டிஸ்க். ஸ்விஃப்ட் என்ற மெய்நிகர் சைக்கிள் செயலியில் பந்தயம் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார்கள். இவற்றை வாங்கும் அளவுக்கு உன் நிலையும், செயலிக்குள் செல்லும் காசான டிராப்ஸ் கணக்கும் உயரும்வரை என்வி 7.8 மாதிரி ஆழமான ரிம் உள்ள ஒன்று போதும். இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் உன் எடை 50 கிலோ என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு எண் இந்தப் பட்டியலைக் கொஞ்சம் கலைத்துப் போடுகிறது. உன்னை மாதிரி ஒல்லியான பிள்ளைகள் வேறு பலரும் இதே கேள்வியோடு இருப்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

வீல்களை ஒப்பிட்டு வெளியாகும் அட்டவணைகளில் பெரும்பாலானவை 75 கிலோ எடையுள்ள ஓர் ஓட்டுநர் விடாமல் 300 வாட் மிதிப்பதாக வைத்துக்கொண்டு எடுக்கப்பட்டவை. அந்த ஆள் நீ இல்லை. ஆல்ப் டு ஸ்விஃப்ட் மலையை எடுத்துக்கொள்: பிரான்சின் ஆல்ப் டுவெஸ் சாலையை அப்படியே நகலெடுத்தது, 21 வளைவுகள், 1,036 மீட்டர் உயரம். அரைக் கிலோ கூடுதல் எடையை அந்த உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 5,080 ஜூல் வேண்டும். 300 வாட் மிதிப்பவருக்கு அது 17 விநாடி. 150 வாட் மிதிக்கும் உனக்கு 34 விநாடி. அட்டவணையில் அற்பமாகத் தெரிகிற எடை வித்தியாசம் உன் கணக்கில் இரட்டிப்பாகிறது. அப்படியென்றால் எப்போதும் எடை குறைந்த வீல்தான் உனக்கு என்று முடிவு கட்டிவிடாதே. விஷயம் அங்கேதான் திரும்புகிறது.

நீ ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் பகுதியில் இருக்கிறாய். தோல் எத்தனை சதுர அடி என்று பார்த்தவுடன் யாரும் வெட்ட ஆரம்பிப்பதில்லை. முதுகுப் பக்கம் எங்கே, இழுத்தால் நீளும் வயிற்றுப் பக்கம் எங்கே, தழும்பு எங்கே என்று தடவிப் பார்த்துத்தான் அச்சை வைக்கிறீர்கள். பந்தயப் பாதையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மொத்தம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம் என்பதை வைத்து வீல் தேர்ந்தெடுப்பவர்கள் சராசரிக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். சராசரியான இடத்தில் யாரும் தோற்பதில்லை. கூட்டம் உன்னை விட்டுவிட்டுப் போகிற ஓர் இடம் ஒவ்வொரு பாதையிலும் இருக்கும். அந்த இடத்துக்குத்தான் வீல்.

உனக்கு அது பெரும்பாலும் மலையாக இருக்காது. உன் பிரிவில் கிலோவுக்கு 3 வாட் மிதிக்கும் 65 கிலோ பெண் ஒருத்தி 195 வாட் கொடுக்கிறாள். அதே விகிதத்தில் நீ கொடுப்பது 150. ஏற்றத்தில் இருவரும் ஏறத்தாழ ஒன்றாக ஏறுவீர்கள். உச்சி தாண்டிச் சமதளம் வந்ததும் எடையின் பேச்சு குறைந்து காற்றின் பேச்சு ஆரம்பிக்கிறது. உடம்பு சிறியதென்றால் காற்றுத் தடையும் குறைவுதான், ஆனால் 45 வாட் பள்ளத்தை மூடுகிற அளவுக்குக் குறைவில்லை. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை நெருங்கும்போது உழைப்பில் மிகப் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போய்விடும். ஏறி இறங்கும் பாதைகளில் நீ கழன்று போவது உச்சியைத் தாண்டிய அடுத்த அரை நிமிடத்தில்தான். அதனால், ஏற்றம் நிறைய உள்ள பாதையில்கூட, முடிவு மலை உச்சியில் இல்லையென்றால், உன் போன்றவர்களுக்கு டிஸ்க் வீலைத்தான் சொல்வேன். மலையில் நீ சில விநாடி இழந்தாலும் கூட்டத்தோடு இருப்பாய். சமதளத்தில் இழந்தால் தனியாளாகிவிடுவாய். கனமான ஆளுக்கு இதுவே தலைகீழ்: அவர் மலையில்தான் கழன்று போகிறார், எடை குறைந்த வீல் தேவைப்படுவது அவருக்கே. அட்டவணை பார்த்து வாங்கும் கூட்டம் செய்வது இதற்கு நேர் எதிர்.

உண்மைச் சாலையில் உனக்கு டிஸ்க் வீலைச் சொல்லியிருக்க மாட்டேன். கூட்டமாகக் கிளம்பும் சாலைப் பந்தயங்களில் அதற்கு அனுமதியே கிடையாது. பக்கக் காற்று அடித்தால் 50 கிலோ ஆளைத் தள்ளிவிடும். ஸ்விஃப்டில் காற்று வீசுவதில்லை, வளைவில் பிரேக் பிடிக்கவும் தேவையில்லை. பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறும்போது புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸுக்கு ஒதுங்கி, வேகம் இழந்து, மறுபடி மிதித்துப் பிடிக்கிறாயே, அந்தச் செலவு ஆல்ப் டு ஸ்விஃப்டின் 21 வளைவுகளில் ஒன்றில்கூட இல்லை. ஏலகிரியில் கற்ற பொறுமை அங்கே பயன்படும், வளைவுத் திறமை பயன்படாது.

மண் பாதை மட்டும் விதிவிலக்கு. ஸ்விஃப்டின் கற்பனைத் தீவான வட்டோப்பியாவின் ஜங்கிள் சர்க்யூட் மாதிரி இடங்களில் ரோடு வீல் திணறும், கிராவல் சைக்கிள் முந்திக்கொள்ளும். நடுவில் சைக்கிள் மாற்ற நின்றால் கூட்டம் போய்விடும். பந்தயத்துக்கு முன்பே மண் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து வை. இன்னொன்று, டைம் டிரையல் சைக்கிளின் வேகத்தைப் பார்த்து மயங்காதே. சாதாரணப் பந்தயத்தில் அதற்கு டிராஃப்ட் கிடைக்காது. பிறர் பின்னால் ஒளிந்துகொண்டால் மிச்சமாவது நாலில் ஒரு பங்கு உழைப்பு அல்லது அதற்கும் மேல். எந்த வீலும் அதற்குப் பக்கத்தில் வராது. நல்ல டிஸ்க் வீல், தனியாக ஓட்டும் ஒரு மணி நேரத்தில் மிச்சப்படுத்துவது ஏறக்குறைய ஒரு நிமிடம்.

பிறர் பின்னால் ஒளிந்துகொள்வதன் அருமை புரிய, 2020 டிசம்பரில் சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ நடத்திய முதல் இ-ஸ்போர்ட்ஸ் உலகச் சாம்பியன்ஷிப்பைத் தேடிப் பார். வட்டோப்பியாவில் 50 கிலோமீட்டர் பாதை, முடிவு ஒரு சிறு ஏற்றத்தின் உச்சியில். பெண்களில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோவும் ஆண்களில் ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்பர்னும் வென்றார்கள். ஆஸ்பர்ன் அடிப்படையில் துடுப்புப் படகு வீரர். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர். கூட்டத்தின் போக்கை இருவரும் எப்படிப் படிக்கிறார்கள், எங்கே காத்திருக்கிறார்கள் என்று கவனி. கடைசி ஏற்றத்துக்குக் கால்களை மிச்சம் வைத்திருந்தார்கள்.

வீல் ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2019-இல் பிரிட்டிஷ் சைக்கிளிங் நடத்திய முதல் இ-ரேசிங் சாம்பியன்ஷிப்பை வென்ற கேமரன் ஜெஃபர்ஸின் பட்டம் சில மாதங்களில் பறிக்கப்பட்டது. எல்லோரும் டிரான் என்று சொல்லும் அந்த ஒளிரும் சைக்கிளைப் பெற 50,000 மீட்டர் ஏற வேண்டும். அதாவது ஆல்ப் டு ஸ்விஃப்டை 48 முறைக்கும் மேல். அவர் ஏறவில்லை. ஒரு மென்பொருள் அவருக்காக ஏறியது. ஆறு மாதத் தடை, 250 பவுண்டு அபராதம். பந்தயத்தன்று மிதித்தது அவர் கால்கள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அதுதான் பரிதாபம். டிரான் உனக்கு வேண்டுமென்றால் ஏறியே வாங்கு. ஏறி முடிப்பதற்குள் உன் கால்கள் அந்த சைக்கிளைவிட அதிகம் முன்னேறியிருக்கும்.

எடையைக் குறைத்துப் பதிவதும் இதே வகைதான். ஒரு கிலோ பொய் சொன்னால் ஆல்ப் ஏற்றத்தில் உனக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் லாபம். அதனால்தான் பெரிய பந்தயங்களில் எடைப் பலகையில் நிற்பதைக் காணொளியாகக் கேட்கிறார்கள். மாதம் ஒருமுறை, காலையில், அதே தராசில் நின்று பதிவு செய். எடை கூடியிருந்தாலும் பதிவு செய்.

உன் அறையைப் பற்றி எழுதியதைப் படித்ததும்தான் உண்மையில் கவலைப்பட்டேன். தகரக் கூரை, ஒரு ஜன்னல், மே மாதம். மிதிக்கும் உடம்பு செலவிடும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குகூடப் பெடலுக்குப் போவதில்லை, மீதி சூடு. நீ 150 வாட் மிதிக்கும்போது அந்த அறைக்குள் ஏறக்குறைய 500 வாட் ஹீட்டர் ஒன்று எரிகிறது என்று வைத்துக்கொள். சாலையில் அதைக் காற்று எடுத்துப் போகும்; அறையில் யார் எடுப்பது? சூடு ஏற ஏற நாடி ஏறும், வாட் இறங்கும். அரை மணி நேரத்தில் நீ இழப்பது எந்த டிஸ்க் வீலும் திருப்பித் தர முடியாத அளவு. வீல் வாங்க டிராப்ஸ் போதும். பெரிய மின்விசிறிக்குத்தான் ரூபாய் வேண்டும். முதலில் அதை வாங்கு. முகத்துக்கு நேராக ஒன்று, முதுகுக்கு ஒன்று. ஐரோப்பியர்களின் மாலைப் பந்தயங்கள் நமக்கு இரவு பத்தரை, பதினொன்றரைக்கு வரும். ஷிப்ட் முடிந்து கடைசி வண்டியில் ஜோலார்பேட்டை வந்து சேர்ந்தாலும் நேரம் இருக்கும், கூரையும் ஆறியிருக்கும்.

ஸ்விஃப்டின் மாதச் சந்தா கட்ட முடியவில்லை என்றால் மைவூஷ் என்ற செயலிக்குப் போ. எமிரேட்ஸ்காரர்கள் நடத்துவது, இலவசம். 2024 உலகச் சாம்பியன்ஷிப்பே அதில்தான் நடந்தது, ஆஸ்பர்ன் இரண்டாவது முறை வென்றதும் அங்கேதான். அங்கே கடை வேறு, வீல் வேறு. ஆனால் எங்கே கழன்று போகிறாய் என்ற கேள்வி அதே கேள்விதான்.

செயலியை நடத்தும் கம்பெனிகள் வீல்களின் எண்களை அவ்வப்போது மாற்றுகின்றன. நான் மேலே சொன்ன பெயர்களில் ஒன்றிரண்டு அடுத்த ஆண்டு பின்னால் போகலாம். பெயர்களை மனப்பாடம் செய்யாதே.

வரும் ஞாயிறு ஓட்டப்போகும் பாதையின் படத்தை அனுப்பியிருந்தாய். இரண்டு சிறு ஏற்றங்கள், முடிவு சமதளத்தில். டிஸ்க்கையே போடு. இரண்டாவது உச்சிக்கு நூறு மீட்டர் முன்பே மூச்சு விடுவதை மறந்து மிதிக்க ஆரம்பித்து, உச்சி தாண்டிப் பதினைந்து விநாடி நிறுத்தாதே. முன்னே போகிறவரின் பின்சக்கரம் கிடைத்ததும் உட்கார்ந்துகொள். முடிந்ததும் வாட் பதிவை எனக்கு அனுப்பு. எந்த விநாடியில் விட்டார்கள் என்று பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்