அப்போ போவேன், இப்போ போறதில்லை

முன்னாடி வழக்கமா செஞ்சு, இப்போ விட்டுட்ட ஒன்றை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்றது?

நம்மில் பலர் சொல்றது: "லாஸ்ட் டைம் ஐ ஆல்வேஸ் கோ டெம்பிள்." மலாய்ல "டூலு" போட்டாப் போதும், வினைச்சொல் மாறாது. அந்தப் பழக்கம்தான் இங்கேயும் வருது. மாமாக் கடைப் பேச்சுக்கு இது ஓகே. மூயெட் பேச்சுத் தேர்விலும் வேலை இன்டர்வியூவிலும் மார்க் போயிடும்.

சரியான வடிவம்: "ஐ யூஸ்ட் டு கோ டு தி டெம்பிள் எவ்ரி ஃப்ரைடே." பொதுவா, இப்போ போறதில்லைங்கிற அர்த்தமும் இதிலேயே இருக்கு. பேசும்போது "யூஸ்ட்"டின் கடைசி ஒலி அடுத்து வர்ற "டு"வோட கலந்துடும். அதனால எழுதும்போது பலர் 'டி' எழுத்தை விட்டுடறாங்க. விடக்கூடாது. "டிட்ன்ட்" வந்தா மட்டும் அது போயிடும்: "ஐ டிட்ன்ட் யூஸ் டு லைக் டுரியான்."

இன்னொரு வழி "வுட்". இது தமிழருக்கு ரொம்ப நெருக்கம். "தைப்பூசத்துக்குப் பாட்டி மூணு மணிக்கே எழுப்பிடுவாங்க, நாங்க தூங்கி வழிஞ்சுக்கிட்டே நடப்போம்" என்கிறோமே, கவனிச்சீங்களா? நடந்து முடிஞ்ச கதைக்கு எதிர்கால வினை! ஆங்கிலமும் அதையேதான் செய்யுது. "வுட்" என்பது "வில்"லின் இறந்தகால வடிவம். "மை கிராண்ட்மதர் வுட் வேக் அஸ் அப் அட் த்ரீ."

ஆனா ஒரு இடத்தில் தமிழ் காலை வாரிவிடும். பழைய வீட்டை நினைச்சு, "பின்னாடி ஒரு ரம்புத்தான் மரம் இருக்கும்" என்கிறோம். அதை "தேர் வுட் பி எ ரம்புத்தான் ட்ரீ"னு மாத்தினா தப்பு. திரும்பத் திரும்ப நடந்த செயலுக்குத்தான் "வுட்". இருக்கிறது, பிடிக்கிறது, சொந்தமா வச்சிருக்கிறது எல்லாம் நிலை, அங்கே "தேர் யூஸ்ட் டு பி." பத்துமலைப் படிகளுக்கு 2018-இல்தான் வானவில் மாதிரி வண்ணம் பூசினாங்க. அதுக்கு முன்னாடி? "தி ஸ்டெப்ஸ் டிட்ன்ட் யூஸ் டு பி சோ கலர்ஃபுல்."

எத்தனை தடவை, எத்தனை வருஷம்னு கணக்குச் சொன்னா ரெண்டுமே வேண்டாம், சாதாரண இறந்தகாலம் போதும். அந்த 272 படிகளை மூணு தடவை ஏறினீங்களா? "ஐ கிளைம்ப்ட் தெம் த்ரீ டைம்ஸ்." ஈப்போவில் அஞ்சு வருஷம் இருந்தீங்களா? "ஐ லிவ்ட் இன் ஈப்போ ஃபார் ஃபைவ் இயர்ஸ்."

"ஐ ஆம் யூஸ்ட் டு" வேற ஆள். அதுக்கு 'பழகிப்போச்சு'னு அர்த்தம். "ஐ ஆம் யூஸ்ட் டு ஹாஸ்டல் ஃபூட்." எஞ்சினியரிங் படிக்கிறவங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இப்போ உங்க பாட்டி வீட்டைப் பத்தி அஞ்சு வாக்கியம் எழுதுங்க. முதல் வாக்கியத்தில் "யூஸ்ட் டு" போட்டு, இது பழைய கதைனு காட்டிடுங்க. அப்புறம் வர்ற செயல்களுக்கு "வுட்" போடுங்க. அங்கே ஒரு மரமோ நாயோ இருந்திருந்தா, அந்த வாக்கியத்தை மட்டும் இன்னொரு தடவை பாருங்க.