செத்த காலேஜ்

சென்னை எழும்பூரில் பாந்தியன் சாலையில் அமைந்துள்ள அரசு அருங்காட்சியகத்தை முற்காலத்துச் சென்னை மக்கள் அப்பெயரால் அழைத்திலர். ‘செத்த காலேஜ்’ என்பதே அவர்தம் நாவில் வழங்கிய பெயர். விலங்குக் காட்சிச்சாலைக்கோ ‘உயிர்க் காலேஜ்’ என்று பெயர். கேட்போர்க்கு நகை விளைக்கும் இப்பெயர்களுள் ஒரு வரலாறு பொதிந்து கிடக்கின்றது.

1851ஆம் ஆண்டில் இவ்வருங்காட்சியகம் தோன்றிய இடம், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக்குரிய கட்டடமாகும். ‘காலேஜ்’ என்னும் சொல் மக்கள் வழக்கில் ஒட்டிக்கொண்டது அதனாலேயே. சென்னை இலக்கியக் கழகத்தார் அளித்த ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வகைகளும் கனிப்பொருள்களுமே அதன் முதற் செல்வம். பொறுப்பேற்ற எட்வர்டு பால்பர் என்பார் ஒரு மருத்துவர். கல்லையும் கனியத்தையும் மட்டும் அடுக்கி வைத்தால் அறிஞர் சிலரே வருவர் என்பதையும், உயிருள்ள புலிக்குட்டி ஒன்று கூண்டில் உலவுமாயின் ஊரே திரண்டு வரும் என்பதையும் அவர் விரைவில் உணர்ந்தார். அருங்காட்சியகம் எழும்பூருக்கு மாறிய பின்னர், 1855இல் அதன் வளாகத்திலேயே விலங்குச்சாலை ஒன்றும் தொடங்கப்பெற்றது. கருநாடக நவாபு தம்மிடமிருந்த விலங்குகளை அதற்கு வழங்கினார். சில ஆண்டுகளில் அவ்விலங்குகள் மக்கள் பூங்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. உயிருள்ளவை அங்குப் போய்விடவே, பாடம் செய்த உடல்களும் எலும்புக்கூடுகளும் எழும்பூரில் எஞ்சின. மக்கள் இட்ட பெயரில் பிழை காண இயலாது!

பெயர் அவ்வாறாயினும் மக்கள் வருவதை நிறுத்தினாரல்லர். காணும் பொங்கல் நாளில் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் பெண்டிரும் சிறாருமாய்த் திரண்டு வந்து, திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை அண்ணாந்து நோக்கி வியந்தனர். 1885இல் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், வெளியே வாராத கோஷாப் பெண்டிரும் கண்டு மகிழுமாறு, ஆடவரை விலக்கித் தனி நாள் ஒதுக்கினார். இது போற்றத்தக்க செயலே. எனினும் அவரே, காண வந்த மக்களுள் சிலரை நிறுத்தி, மூக்கின் அகலமும் தலையின் நீளமும் கருவிகொண்டு அளந்தார். இன்னின்ன சாதியார் இன்னின்ன அளவினர் என்று வகுப்பது அவரது நோக்கம். காட்சி காண வந்தவரையே காட்சிப்பொருளாக்கிய இச்செயலை இக்காலத்து அறிவியல் ஏற்பதில்லை. அளக்கப்பட்டவர் மனம் என்பாடு பட்டதோ, அதனை எவரும் எழுதி வைத்திலர்.

பிறிதொரு வினாவும் உண்டு. ஓரூரின் பழம்பொருள் அவ்வூராரைவிட்டு நெடுந்தொலைவு செல்வது தகுமா? தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த இரும்புக் கருவிகள், வெண்கலக் கலங்கள், பொன் நெற்றிப்பட்டங்கள் முதலியன எழும்பூரை அடைந்தன. அவை அழியாது காக்கப்பட்டமை பெருநன்மையே. ஆயின் அப்பொருள்கள் கிடைத்த மண்ணில் உழுது வாழ்ந்தவர், அவற்றைக் காண அறுநூறு கிலோமீட்டர் வழி வர வேண்டியிருந்தது. 2023இல் ஆதிச்சநல்லூரிலேயே, புதிதாக அகழ்ந்த குழிகளைத் தாழிகளோடு அவ்வாறே விட்டு, மேலே கண்ணாடி பரப்பிக் காட்சிக்கூடம் அமைத்தனர். குனிந்து நோக்கினால் முன்னோர் புதைத்த தாழி, புதைத்த நிலையிலேயே தோன்றும். காலந்தாழ்ந்து வந்ததேனும் இது நன்முறையாகும்.

அருங்காட்சியகத்துக்குப் பெருங்கூட்டம் உண்டு. அதே எழும்பூரில் 1909இல் எழுந்த ஆவணக் காப்பகத்துக்கோ அத்தகைய கூட்டம் இல்லை. முதலில் சென்னைப் பதிவேட்டு நிலையம் எனப்பட்ட அது, 1973இல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பதினேழாம் நூற்றாண்டுக் கும்பினிக் கடிதங்கள் தொட்டு அங்கு அடுக்கடுக்காக உள்ளன. கொச்சியில் டச்சுக்காரர் எழுதி வைத்தவையும் அவற்றோடு சேர்ந்துள்ளன. காட்சிப்பொருள் கண்ணைக் கவரும். காகிதம் அவ்வாறு கவராது. ஆதலின் அருங்காட்சியகத்தார்க்கு இல்லாத ஓர் இடர் காப்பகத்தார்க்கு உண்டு. பழந்தாளைப் பலரும் புரட்டினால் அது பொடியாகும். எவரும் புரட்டாதிருப்பின் அது இருந்தும் பயனில்லை. தாளின் இருபுறமும் கண்ணாடி போன்ற மெல்லிய துணியோ தாளோ ஒட்டி வலுவூட்டுகின்றனர், படமெடுத்தும் வைக்கின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் எழுதப்பெற்ற இனாம் பதிவேடுகள் அங்குள்ளவற்றுள் சிறந்தவை. ஊர்தோறும் எந்நிலம் எவர்க்கு, எக்காரணத்தால் மானியமாக விடப்பட்டது என்பதை அவை கூறும். கோயில் அருச்சகர், ஏரி காத்தவர், சத்திரம் நடத்தியவர் என்று நிரல் நிரலாகப் பெயர்கள் வரும். அரசர் வரலாற்றில் இடம்பெறாத அவர்களை வேறெங்கும் காண்டல் அரிது. தம் ஊர்ப்பெயரைத் தேடிச் செல்லும் மாணாக்கர் ஒருவர், இன்று தாம் நீராடும் குளத்தை வெட்டியவர் பெயரை அவ்வேட்டின் ஒரு வரியில் காணவும் கூடும்.