புகைத்தலை நிறுத்த இலத்திரனியல் சிகரட் கைகொடுக்குமா?

அண்மையில் எமது சங்கத்தின் சுகாதாரக் கருத்தரங்கு முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், சகோதரி ஒருவர் எம்மை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "முப்பது வருசமா சிகரட் பத்தின மனுசன். நெஞ்சில ஸ்டென்ட் வைச்ச பிறகு டொக்டர் வெருட்டினதில விட்டிட்டார். இப்ப அந்தக் கரண்ட் சிகரட்டைத் தூக்கிக்கொண்டு திரியிறார். பேயை விட்டிட்டுப் பிசாசைப் பிடிச்ச மாதிரி இல்லையோ இது?"

அத்துடன் அவர் நிறுத்தவில்லை. முதற்கிழமைதான் பதினைந்து வயது மகனின் பாடசாலைப் பைக்குள்ளும் அதேபோன்ற ஒன்று, வத்தகப்பழ வாசத்துடன், அகப்பட்டதாம். "அப்பா இழுக்கலாம், நான் இழுக்கக்கூடாதோ எண்டு கேக்கிறான். நான் என்ன பதில் சொல்ல?"

அன்று அவசரத்தில் நாம் சொன்ன பதில் எமக்கே திருப்தியாக இருக்கவில்லை. இதே கேள்வியோடு இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதால் இம்முறை இப்பக்கத்தை இதற்கே ஒதுக்கியுள்ளோம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தகப்பனுக்கு உரிய பதிலும் மகனுக்கு உரிய பதிலும் ஒன்றல்ல.

கொல்வது எது?

சிகரட்டைத் திரும்பத் திரும்பத் தேட வைப்பது அதிலுள்ள நிக்கொட்டின். ஒரு முறை இழுத்தால் பத்து, இருபது விநாடிகளுக்குள் அது மூளையைச் சென்றடைகிறது. அதனால்தான் இந்தப் பழக்கம் இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் புகைப்பவரின் நுரையீரலையும் இருதயத்தையும் அழிப்பதில் பெரும்பங்கு நிக்கொட்டினுடையதல்ல, எரிந்து வரும் புகையினுடையது. புகையிலை எரியும்போது ஆயிரக்கணக்கான இரசாயனங்கள் உண்டாகின்றன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்குபவை என்று அறியப்பட்டவை. தார் நுரையீரலில் படிகிறது. காபனோரொட்சைட்டு வாயு இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

நிக்கொட்டின் குற்றமற்றது என்று இதற்குப் பொருளல்ல. இருதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அது சற்று நேரத்துக்கு உயர்த்தும். ஆனாலும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இந்த வேறுபாடு விளங்கினால் மீதி எல்லாம் விளங்கும்.

புகைத்தலின் கணக்கைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு பிரித்தானியாவிலேயே நடந்தது. 1951 இல் ரிச்சர்ட் டோல் என்ற விஞ்ஞானி, பிராட்போர்ட் ஹில் என்பவருடன் சேர்ந்து பிரித்தானிய மருத்துவர்களிடம் அவர்களது புகைபிடிக்கும் பழக்கத்தைக் கேட்டு எழுதினார். பதில் அனுப்பிய 34,439 ஆண் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2004 இல் முடிவு வெளியானபோது, தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே இறந்தார்கள் என்பது தெரிந்தது. நமக்கு முக்கியமானது அதன் மறுபக்கம். 60 வயதில் விட்டவருக்கு 3 ஆண்டுகளும், 50 வயதில் விட்டவருக்கு 6 ஆண்டுகளும், 40 வயதில் விட்டவருக்கு 9 ஆண்டுகளும் திரும்பக் கிடைத்தன. 30 வயதில் விட்டவர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டார். "இனி விட்டு என்ன, விடாமல் என்ன" என்று சொல்லும் எமது மூத்தவர்கள் இந்த வரியை இரண்டு முறை வாசிக்கவும். தெற்காசியரான எமக்கு இருதய நோயும் நீரிழிவும் மற்றவர்களை விட இளவயதிலேயே வரும் வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கரண்ட் சிகரட் என்பது என்ன?

இன்று நாம் காணும் இலத்திரனியல் சிகரட்டை 2003 அளவில் உருவாக்கியவர் ஹொன் லிக் என்னும் சீன மருந்தாளர். அவரும் கடுமையாகப் புகைத்தவர். அவரது தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். இக்கருவியில் ஒரு பற்றரி, சூடாகும் சிறு கம்பிச்சுருள், ஒரு திரவம் ஆகியவை இருக்கும். திரவத்தில் நிக்கொட்டின், புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், வாசனைப் பொருட்கள் கலந்திருக்கும். சூடானதும் திரவம் ஆவியாகிறது. எதுவும் எரிவதில்லை. எரியாததால் தாரும் இல்லை, காபனோரொட்சைட்டும் இல்லை.

இது புகைத்தலை விட 95 வீதம் தீங்கு குறைந்தது என்று 2015 இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு சொன்னதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த எண் ஆய்வுகூடத்தில் அளந்து எடுத்ததல்ல, நிபுணர்கள் கூடிச் செய்த மதிப்பீடு. அதனால் அன்றிலிருந்தே அதைப் பற்றி வாதம் நடக்கிறது. நாம் அந்த எண்ணைத் தூக்கிப் பிடிக்கப்போவதில்லை. புகையை விடத் தீங்கு பெருமளவு குறைவு, ஆனால் தீங்கே இல்லாததல்ல என்ற அளவில் எடுத்துக்கொள்வது நியாயம். சிகரட்டின் புற்றுநோய் தெரிய வர எத்தனை பத்தாண்டுகள் எடுத்தன என்பதை நினைத்தால், இருபது வருடப் பழக்கமே உள்ள ஒரு பொருளுக்கு நற்சான்றிதழ் எழுத யாரும் அவசரப்படமாட்டார்கள்.

2019 இல் அமெரிக்காவில் "வேப்" பிடித்து இளைஞர்கள் இறந்த செய்தி நம்மவர்களை நன்றாகப் பயமுறுத்தியது. 2020 பெப்ரவரி வரை 68 மரணங்கள் பதிவாகின. ஆனால் அவற்றுடன் முக்கியமாகத் தொடர்புபட்டது கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளச்சந்தைத் திரவத்தில் சேர்க்கப்பட்டிருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்பது பின்னர் தெரியவந்தது. பெயர் தெரியாத இடத்தில் மலிவாகக் கிடைக்கும் திரவத்தை வாங்கக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

விடுவதற்கு உதவுகிறதா?

உதவுகிறது. இதற்கு நல்ல சான்று லண்டனிலிருந்தே வந்தது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புகைத்தலை விட உதவி தேடி வந்த 886 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நிக்கொட்டின் பற்ச், சுவிங்கம் போன்றவையும், மற்றதற்கு இலத்திரனியல் சிகரட்டும் கொடுக்கப்பட்டன. இரு பிரிவினருக்கும் வாராந்த ஆலோசனையும் இருந்தது. ஓராண்டின் பின் முதற் பிரிவில் 9.9 வீதத்தினரும் இரண்டாவதில் 18 வீதத்தினரும் சிகரட் இல்லாமல் இருந்தார்கள். 2019 இல் வெளிவந்த இம்முடிவை அதன்பின் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் அமைப்பும் உறுதிசெய்தது.

ஆனால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். கருவியைப் பெற்றவர்களிலும் நூற்றில் எண்பதுக்கு மேற்பட்டோர் ஓராண்டில் வெற்றி பெறவில்லை. வெற்றி பெற்றவர்களில் ஐந்தில் நால்வர் ஓராண்டின் பின்னும் அந்தக் கருவியைப் பாவித்துக்கொண்டே இருந்தார்கள். பற்ச், சுவிங்கம் மூலம் வெற்றி பெற்றவர்களிலோ 9 வீதத்தினரே அவற்றைத் தொடர்ந்தனர். ஆகவே அந்தச் சகோதரியின் கவலை வீண் கவலையல்ல. இருந்தாலும் ஸ்டென்ட் வைத்த ஒருவர் சிகரட்டிலிருந்து இதற்கு மாறியது பேயிலிருந்து பிசாசுக்கு மாறியதாகாது. தீப்பிடித்த வீட்டிலிருந்து வெளியே வந்து முற்றத்தில் நிற்கிறார். முற்றத்திலேயே குடியிருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

நாம் அதிகம் பயப்படுவது வேறொரு கூட்டத்தைப் பற்றி. பகலில் கருவி, இரவு வேலை முடிந்ததும் "ஒண்டே ஒண்டு" என்று இரண்டையும் பாவிப்பவர்கள். பெற்றோல் நிலையங்களிலும் கடைகளிலும் இரவு வேலை செய்யும் எமது சகோதரர்களிடம் இது சாதாரணம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரட் பத்துபவருக்கும், இருபது பத்துபவருக்கு உள்ள மேலதிக இருதய நோய் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது என்று 2018 இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று காட்டியது. இருபதைக் குறைத்து ஒன்றாக்கினால் இருபதில் ஒரு பங்குதான் ஆபத்து என்று இருதயம் கணக்குப் பார்ப்பதில்லை.

மாறுவதென்றால் எப்படி?

தோற்றவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் தெரியவருவது, கடைசியாக எஞ்சிய சிகரட்டுகளை அவர்கள் கைவிடவில்லை, அல்லது மிகக் குறைந்த நிக்கொட்டின் உள்ள திரவத்தோடு தொடங்கியிருக்கிறார்கள் என்பதுதான். நாளொன்றுக்கு ஒரு பெட்டி பத்தியவருக்கு 3 மில்லிகிராம் திரவம் காணாது. இரண்டாம் நாளே பழைய கடைவாசலில் நிற்பார். பிரித்தானியாவில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம். போதுமான அளவில் தொடங்கி, சிகரட் முற்றாக நின்று சில மாதங்கள் ஆனபின் படிப்படியாகக் குறைப்பதே முறை. சிகரட் போல் அவசரமாக இழுக்காமல் மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும். இருதய நோயாளிகள் தமது வைத்தியருக்குச் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

கருவி பிடிக்காதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு, அவையும் நல்ல வழிகளே. பற்ச் ஒட்டுவதோடு, ஆசை கிளம்பும்போது சுவிங்கமோ வாய்த் தெளிப்போ சேர்த்துப் பாவிப்பது தனியே ஒன்றைப் பாவிப்பதை விடப் பலனளிக்கும். ஆனால் நிக்கொட்டின் சுவிங்கத்தைச் சாதாரண சுவிங்கம் போல் மென்றால் விக்கலும் வயிற்றெரிவும்தான் மிஞ்சும். உறைப்புத் தெரியும்வரை மென்று, பின் கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். கோப்பி, பழச்சாறு குடித்த கையோடு போட்டால் நிக்கொட்டின் உறிஞ்சப்படாது. வரெனிக்ளின் என்ற மாத்திரை 2021 இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டு, 2024 இறுதியில் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் மீண்டும் வந்துள்ளது. இலத்திரனியல் சிகரட்டுக்கு நிகரான பலன் அதற்கும் உண்டு. உங்கள் குடும்ப வைத்தியரிடமோ, பிரதேசத்திலுள்ள புகைத்தல் நிறுத்தும் சேவையிடமோ கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட்டுத் தனியாகப் போராடுவது எமது ஆண்களின் பெரிய பலவீனம்.

யாரும் சொல்லித்தராத ஒன்று தேத்தண்ணீர் சம்பந்தமானது. சிகரட் புகை ஈரலைத் தூண்டிக் கஃபீனை வேகமாக வெளியேற்றச் செய்கிறது. புகை நின்றதும் அந்த வேகமும் நின்றுவிடும். நாளுக்கு ஆறு கோப்பை தேநீரோ கோப்பியோ குடிப்பவருக்கு, அதே ஆறு கோப்பை இப்போது கூடிய வேலையைச் செய்யும். நித்திரை வராது, கை நடுங்கும், எரிச்சல் வரும். அவர் அதைச் "சிகரட் விட்டதால் வந்த வருத்தம்" என்று நினைத்துத் திரும்பப் பத்தத் தொடங்குவார். முதல் வாரத்திலேயே தேநீரைப் பாதியாக்குங்கள். இதேபோல் இன்சுலின் போடுபவர்களும் வார்பரின் எடுப்பவர்களும் சிகரட்டை விடும் நாளை முன்கூட்டியே வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம்.

இனி மகன்

"அப்பா இழுக்கலாம்" என்ற வாதத்துக்கு விடை இதுதான். அப்பா ஏற்கெனவே அடிமை. அவர் பெரிய ஆபத்திலிருந்து சிறிய ஆபத்துக்கு இறங்கியிருக்கிறார். மகனோ ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஆபத்துக்குள் ஏறுகிறான். வளர்ந்துகொண்டிருக்கும் மூளை நிக்கொட்டினுக்கு விரைவில் வசப்படும். அடித்தோ ஊர்முழுக்கச் சொல்லியோ பயனில்லை. எத்தனை நாளாக, யாருடன், காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா என்று நிதானமாகக் கேட்க வேண்டும். காலையிலேயே தேடுகிறான் என்றால் அவனுக்கும் உதவி தேவை, தண்டனை அல்ல.

இவ்விடத்தில் கொஞ்சம் கசப்பாகவும் பேச வேண்டியுள்ளது. இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்டோருக்கு இவற்றை விற்பது 2015 ஒக்டோபரிலிருந்து குற்றம். ஒருமுறை பாவித்து வீசும் வகையின் விற்பனையே 2025 யூன் 1 முதல் பிரித்தானியா முழுவதும் தடை. ஆனாலும் பிள்ளைகளின் கைக்கு வருகிறது. மூலைக்கடை நடத்துபவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். அடையாள அட்டை கேட்காமல் அடுத்தவர் பிள்ளைக்கு விற்றுவிட்டு, வீட்டுக்கு வந்து தன் பிள்ளையின் பையைச் சோதிப்பதில் என்ன நியாயம்?

வீட்டில் கருவி உள்ளவர்கள் திரவப் போத்தலைச் சிறுபிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வைக்கவும். அதைக் குடித்தால் நஞ்சு. ஊருக்குப் பயணம் போகிறவர்களும் கவனிக்கவும். இந்தியாவில் 2019 முதல் இவற்றின் விற்பனையும் இறக்குமதியும் தடைசெய்யப்பட்டுள்ளன. சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். கோயில் தரிசனத்துக்குப் போன இடத்தில் விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். அப்படியான பயணங்களுக்குப் பற்ச் போதும்.

அந்தச் சகோதரியின் கணவர் பிறகு எம்முடன் பேசினார். இருபதில் தொடங்கிய அவர் இப்போது ஆறு மில்லிகிராமுக்கு இறங்கியிருக்கிறாராம். மகனிடம் தானே பேசுவதாகவும், வீட்டுக்குள் இழுப்பதை நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். அடுத்த ஒன்றுகூடலுக்கு மூச்சிலுள்ள காபனோரொட்சைட்டை அளக்கும் கருவியொன்றைக் கொண்டுவர ஒழுங்கு செய்கிறோம். ஊதிப் பார்க்க ஒரு நிமிடமும் ஆகாது. விரும்புவோர் செயலாளரிடம் பெயரைப் பதிந்துகொள்ளலாம். மனைவிமார் வந்து பதியாமல், புகைப்பவர்களே வந்து பதிந்தால் எமக்கு இன்னும் மகிழ்ச்சி.