இரத்த அழுத்தமும் மன அழுத்தமும்: தாராவியில் கள ஊழியர் கவனிக்க வேண்டியவை

மிகை இரத்த அழுத்தம் என்னும் நோய்க்குத் தமிழ் மக்களிடையே ‘இரத்தக் கொதிப்பு’ என்ற பெயர் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கொதிப்பு என்றவுடன் சினமும் சூடும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆகவே, சினம் தணிந்தால் நோயும் தணிந்துவிட்டது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். மும்பைத் தமிழரிடையே இப்பெயருடன் ‘டென்ஷன்’ என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. வீட்டுக் கவலைக்கும் அதுவே பெயர்; மருத்துவர் அளந்து கூறும் அழுத்தத்திற்கும் அதுவே பெயர். “இப்போது டென்ஷன் ஒன்றும் இல்லை, அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டேன்” என்று ஒருவர் கூறுவாராயின், அவர் பொய் சொல்லவில்லை. பெயர் கற்பித்தபடி நடந்துகொண்டிருக்கிறார்.

உண்மை வேறு. இரத்தம் தமனிகளின் சுவர்மீது செலுத்தும் விசையே இரத்த அழுத்தமாகும். சினத்தாலோ அச்சத்தாலோ அது சற்று நேரம் உயர்ந்து பின் தணிவது நோயன்று. அமைதியாக அமர்ந்திருக்கும்போதும், வெவ்வேறு நாட்களில் அளக்கும்போதும், மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90 என்ற எல்லையை அது எட்டியோ கடந்தோ நிற்குமானால் அதுவே நோய். பெரும்பாலும் அது யாதோர் அறிகுறியையும் காட்டுவதில்லை. மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றைப் பல ஆண்டுகள் ஓசையின்றிச் சிதைத்து வரும். தலைசுற்றும் நாளில் மட்டும் மாத்திரை உண்பவர் பக்கவாதத்தினின்றும் தம்மைக் காத்துக்கொள்வதாகக் கூற முடியாது.

எனினும், மக்களின் சொல்லை முற்றிலும் ஒதுக்கிவிடுவதும் தவறு. மனத்திற்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு. அத்தொடர்பு பெரும்பாலும் அவர்கள் கருதும் இடத்தில் இல்லை, அவ்வளவே. மனச்சோர்வுற்றவர் உறக்கம் இழக்கிறார். புகையிலையையும் மதுவையும் நாடுகிறார். மாத்திரை தீர்ந்தால் மறுபடி வாங்கச் செல்லும் ஊக்கம் அவரிடம் இருப்பதில்லை. மருந்து அலமாரியில் இருந்தும் நோய் கட்டுப்படாததன் காரணங்களுள் இது ஒன்று. இரத்த அழுத்தத்தை அளக்கும் ஊழியரே மனநிலையையும் கேட்டறிய வேண்டும் என்று கூறுவது இதனாலேயாகும்.

தாராவியின் பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி; அதற்குள் பல இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோரின் வழியினர் இங்கு இன்றும் உள்ளனர். மும்பை மாநகராட்சி உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி 2021-இல் நடத்திய ஆய்வில், நகர மக்களுள் நூற்றுக்கு 34 பேரிடம் மிகை இரத்த அழுத்தம் காணப்பட்டது. மனநலத்தைப் பொறுத்தவரை, 2015-16-ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, பெருநகரங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணித்தது. மும்பையின் கிழக்குத் துறைமுகக் கரையிலுள்ள கௌலா பந்தர் என்ற குடிசைப் பகுதியில் 521 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிடப்பட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. அங்கு நூற்றுக்கு 23 பேர் மனநலக் கோளாற்றுக்கு உள்ளாகும் நிலையில் இருந்தனர். வறுமை மட்டுமன்று, தண்ணீரும் கழிப்பிடமும் கிடைக்காத அல்லலும், வீடு இடிக்கப்படும் என்ற அச்சமுமே அவர்களை வாட்டின. இவற்றை மாத்திரையால் தீர்க்க இயலாது என்பதை ஊழியர் மனத்தில் கொள்ளுதல் நலம்.

முதலில் அளவு சரியாக இருக்க வேண்டும். கையில் கட்டும் பட்டையை 1896-இல் ரிவா-ரோச்சியும், தமனியின் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையை 1905-இல் கொரோட்கோவும் வகுத்தனர். இன்று மின்கருவி வந்துவிட்டபோதிலும், அளக்கப்படுபவர் இருக்க வேண்டிய நிலை மாறவில்லை. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதயத்தின் மட்டத்தில் தாங்கி வைத்திருத்தல் வேண்டும். பேசலாகாது. முந்தைய அரை மணி நேரத்தில் தேநீர், பீடி, மிஷ்ரி கூடா. சிறுநீரை அடக்கிக்கொண்டிருப்பவரிடம் அளவு உயர்ந்து காட்டும். பொதுக் கழிப்பிடத்தில் வரிசையில் நிற்க வேண்டிய தாராவிப் பெண்ணிடம் இது எளிய கட்டளையன்று. நூலில் ஒரு வரியில் முடிந்துவிடும் விதி, சந்தில் வந்து நிற்கும்போது எவ்வளவு கடினமாகிவிடுகிறது! மாடி அறையிலிருந்து செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்கி வந்தவரையும் உடனே அளத்தல் கூடாது. ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மருந்து முறை இன்று எளிமையாக்கப்பட்டுள்ளது. 2017 நவம்பரில் மகாராஷ்டிரம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களின் 25 மாவட்டங்களில் தொடங்கிய இந்திய மிகை இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியின்படி, அம்லோடிபின் போன்ற சில மருந்துகளே படிப்படியாக, ஒரே ஒழுங்கில் அளிக்கப்படுகின்றன. நோயாளியின் வருகையும் அளவும் பதிவாகின்றன. குறித்த நாளில் வராதவர் யார் என்பது அதனால் தெரிந்துவிடும். ஏன் வரவில்லை என்பதைப் பதிவேடு கூறாது. அதைக் கேட்டறிதல் ஊழியரின் பணி.

“மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் “ஆமாம்” என்ற விடையே வரும். “அக்கா, போன வாரத்தில் எத்தனை நாள் மாத்திரை தவறிப்போயிற்று?” என்று கேட்பது மேல். காரணம் பலவாறாக வரும். கணுக்கால் வீங்குகிறது என்பார் ஒருவர். அம்லோடிபின் உண்போர் சிலருக்கு அவ்வாறு நேர்வதுண்டு, மருத்துவர் மருந்தை மாற்றித் தர இயலும். நாள் முழுவதும் தையற்பொறியில் குனிந்திருப்பவர் முதுகு வலிக்கு வாங்கி உண்ணும் சில வலிநீக்கி மாத்திரைகளே அழுத்தத்தை உயர்த்தக் கூடும். நள்ளிரவு கழிந்தவுடன் எழுந்து விற்பனைக்கு இட்டலி அவிக்கும் குடும்பத்தாரிடம் ‘காலையில் ஒரு மாத்திரை’ என்பது பொருளற்றது. முதல் ஈடு இறக்கியதும் உண்ணுமாறு கூறினால் நினைவில் நிற்கும்.

சிலர் காரணமே கூறமாட்டார்கள். அங்குதான் இரண்டு கேள்விகள் தேவைப்படுகின்றன. கடந்த இரண்டு வாரங்களில் எந்த வேலையிலும் நாட்டமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? பெரும்பாலான நாட்களில் அவ்வாறு இருந்தது என்று விடை வந்தால், ஒன்பது கேள்விகள் கொண்ட முழு வினாப்பட்டியலைப் பயிற்சி பெற்றவர் கேட்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பதையும் நேராகக் கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றுவதில்லை. உண்டு என்றால் அவரைத் தனியே விட்டுவிடாமல், அன்றே மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலும் பேசலாம்.

இக்கேள்விகளைக் கேட்கும் இடம் முக்கியமானது. ஒரே அறையில் மாமியாரும் கணவரும் குழந்தைகளும் இருக்க, சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் கேட்டுக்கொண்டிருக்க, எந்தப் பெண்ணும் மனம் திறக்கமாட்டாள். ‘சோட்டா சயான்’ என்று மக்கள் அழைக்கும், சயான் மருத்துவமனையைச் சார்ந்த தாராவி நகர்ப்புற நலவாழ்வு மையத்திற்கு அவள் வரும் நாளே தக்க வாய்ப்பு. துயரத்தின் காரணம் வீட்டில் நேரும் வன்முறையாயின், அர்மிடா ஃபெர்னாண்டஸ் என்ற குழந்தை மருத்துவர் 1999-இல் நிறுவிய ஸ்னேஹா அமைப்பின் ஆலோசகர்களிடம் அனுப்பலாம்.

மருத்துவரல்லாதோர் இப்பணியைச் செய்ய இயலுமா என்ற ஐயம் எழலாம். கோவாவில் நடந்து 2010-இல் வெளியான மானஸ் ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் அரசு நிலையங்களுக்கு வந்த மனச்சோர்வு, பதற்ற நோயாளிகளுக்கு உதவினர். ஆறு மாதங்களில் அவர்களுள் நூற்றுக்கு 65.9 பேர் குணமடைந்தனர். வழக்கமான கவனிப்பில் 42.5 பேரே. தனியார் மருத்துவரிடம் சென்றோரிடையே இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை உள்ளிட்ட நகரங்களில் நீரிழிவும் மனச்சோர்வும் ஒருங்கே உடைய 404 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வும், இரண்டையும் ஒரே ஊழியர் தொடர்ந்து கவனித்தால் பயன் மிகும் என்று காட்டியது.

மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் இதே நோய் வேறு முகம் காட்டும். அங்கு மருத்துவரும் மருந்தும் அருகிலேயே உள்ளனர். பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்க, முதியவர் தனியே வாழ்கிறார். ஊறுகாயும் அப்பளமும் உணவில் நீங்குவதில்லை. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தனித்து உண்பவர் சமைக்கச் சோம்பி ஊறுகாயை நாடுவதில் மனச்சோர்வின் பங்கும் உண்டு.

ஆசிரியர்கள் வகுப்பில் ‘கொதிப்பு’ என்ற சொல்லையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம். மாணவர் வீட்டிலுள்ள மாத்திரைப் பட்டையின் முடிவு நாளைப் படித்துக் காட்டவும், நாட்காட்டியில் குறியிடவும் பழகலாம். ஆனால் பெற்றோரின் மனநிலையை விசாரித்து வருமாறு எந்தப் பிள்ளையையும் ஏவுதல் கூடாது. அது சிறுவர் தோளில் ஏற்றத் தகாத சுமை.

கோடை விடுமுறையிலும் கோயில் கொடையின்போதும் பல குடும்பங்கள் திருநெல்வேலிப் பக்கம் சென்று ஒரு மாதம், ஒன்றரை மாதம் தங்கி வருகின்றன. மாத்திரை இடையில் நின்றுபோவது அப்போதும் நேரும். ஆகவே, பயணச் சீட்டு எடுத்த செய்தி தெரிந்தவுடன், திரும்பும் நாள் வரைக்கும் போதுமான மாத்திரைகளை எண்ணித் தருமாறு ஊழியர் மையத்தில் கேட்டுப் பெறல் வேண்டும். கடைசி அளவும் மருந்தின் பெயரும் எழுதிய சீட்டைப் பயணப் பையில் வைத்து அனுப்புதல் வேண்டும்.