கதைப் புத்தகமும் கணக்குப் பாடவேளையும்

அன்புள்ள அம்மணிக்கு,

கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். கூடவே ஒரு கேள்வி: கதைப் புத்தகத்தை வைத்துக் கணக்கும் அறிவியலும் நடத்த முடியுமா, இல்லை அதெல்லாம் கருத்தரங்கப் பேச்சுக்குத்தானா? முடியும். எங்கே முடியும், எங்கே முடியாது என்பதைப் பார்த்துவிடலாம்.

அமெரிக்க ஓவியர் எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட ‘தி வெரி ஹங்க்ரி கேட்டர்பில்லர்’ என்ற படப் புத்தகத்தை எடுத்துக்கொள். அதில் வரும் புழு திங்கட்கிழமை ஓர் ஆப்பிள் தின்னும். செவ்வாய் இரண்டு பேரிக்காய், புதன் மூன்று பிளம்ஸ், வியாழன் நான்கு ஸ்ட்ராபெரி, வெள்ளி ஐந்து ஆரஞ்சு. தின்ற இடத்திலெல்லாம் தாளில் நிஜமாகவே ஓட்டை இருக்கும். பிள்ளைகள் முதலில் விரலை விட்டுப் பார்ப்பது அங்கேதான். சனிக்கிழமை கேக், ஐஸ்கிரீம் என்று பத்துப் பண்டங்களைத் தின்றுவிட்டு இரவெல்லாம் வயிற்றுவலி. ஞாயிறன்று ஒரு பச்சை இலை. பிறகு கூடு கட்டி அடங்கி, இரண்டு வாரத்துக்கு மேல் கழித்துப் பட்டாம்பூச்சியாக வெளியே வரும். கிழமைகளின் பெயர், ஒன்றிலிருந்து ஐந்து, பழங்களைக் கூட்டினால் பதினைந்து, ஒரு பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி எல்லாம் அந்தச் சின்னப் புத்தகத்துக்குள் இருக்கின்றன. உலகம் முழுக்க ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு.

அதில் ஒரு பிழையும் இருக்கிறது. கார்லின் பட்டாம்பூச்சி நூலால் கட்டிய கூட்டிலிருந்து வெளிவருகிறது. அப்படிக் கூடு கட்டுவது பெரும்பாலும் அந்துப்பூச்சி இனம். பட்டாம்பூச்சியின் புழு கடைசித் தோலை உரித்து, நூல்கூடு இல்லாமலே கூட்டுப்புழுவாகத் தொங்கும். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கப் பூச்சியியல் படித்திருக்க வேண்டும் என்று தோன்றலாம். நம் ராசிபுரம் பக்கம் அதற்குப் பூச்சியியல் தேவையில்லை. மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு, புழு நான்கு முறை தோலுரிப்பதும், இலை தின்பதை நிறுத்தியதும் சந்திரிகைத் தட்டில் ஏறிக் கூடு கட்டுவதும் தெரியும். அந்தக் கூட்டிலிருந்து என்ன வரும் என்றும் தெரியும். “மிஸ், கூட்டுக்குள்ள இருந்து பட்டாம்பூச்சி வராதுங்க” என்று அந்தப் பிள்ளை எழுந்து சொல்லுமானால், அதைவிட நல்ல அறிவியல் பாடம் அந்த ஆண்டில் அந்த வகுப்புக்கு அமையாது. அச்சில் வந்ததையும் கண்ணில் கண்டதையும் எதிரெதிரே வைத்து எது சரி என்று கேட்பதுதானே அறிவியல்?

அடுத்த நாள் வேலையும் அதிலிருந்தே கிடைக்கும். பள்ளிக்கு வரும் வழியில் எருக்கஞ்செடி இல்லாத ஊர் சேலம், நாமக்கல் பக்கம் கிடையாது. அதன் இலையைத் திருப்பிப் பார்த்தால் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு இருக்கக்கூடும். இலையோடு ஒரு புட்டியில் வைத்து வாயை வலைத்துணியால் கட்டிவிட்டு, தினமும் புது இலை போட்டு, நடந்ததைப் பிள்ளைகள் தேதியிட்டு எழுதட்டும். புழு எருக்கிலையையே தின்று வளர்வதைப் பார்த்த பிறகு, ஆப்பிளும் கேக்கும் கதைக்காக வந்தவை என்று நீ விளக்க வேண்டியதில்லை. புத்தகத்தின் ஓட்டைகள் அதற்குப் பிறகும் அவர்களுக்குப் பிடிக்கும். கதைக்கு ஒரு நியாயம், பூச்சிக்கு ஒரு நியாயம் என்று பிரித்துக்கொள்ள ஏழு வயதுக்குத் தெரியும்.

கணக்குக்கு வருவோம். சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவனுக்கு அரசன் பரிசு கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும்: முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு. அமெரிக்கப் படக்கதை எழுத்தாளர் டெமி அதே இரட்டிப்புக் கணக்கை வைத்து, இந்தியாவில் நடப்பதாக ஒரு படக்கதை செய்திருக்கிறார். கதையைச் சொல்லிவிட்டு உடனே கரும்பலகைக்கு ஓடாதே. ஒரு கிண்ணம் ஜவ்வரிசியை நடுவில் வைத்து, தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, பிள்ளைகளையே எண்ணி வைக்கச் சொல். பத்தாவது கட்டத்தில் 512. அதுவரை வைத்ததைக் கூட்டினால் 1023. இருபத்தோராவது கட்டத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் நூறு என்பார்கள், ஆயிரம் என்பார்கள். விடை பத்து லட்சத்தைத் தாண்டுகிறது: 10,48,576. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய்த் தானே அந்த எண்ணை எட்ட முடியும். எட்டியதும் அரசனின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று அவனே சொல்வான்.

ஏன் அரிசி இல்லாமல் ஜவ்வரிசி? கையில் பிசுக்கில்லை, உருண்டை, எண்ண லகு. இன்னொரு காரணம், அது சேலத்துப் பண்டம். அதற்கு மூலமான குச்சிக்கிழங்கு (மரவள்ளி) தென்னமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த பயிர். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசிய ஜவ்வரிசி வரத்து நின்றுபோனபோதுதான் சேலத்தில் அந்தத் தொழில் வேர்விட்டது. 1981இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவாகச் ‘சேகோசர்வ்’ வந்தது. அண்மையில் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மருந்துக்கடை அயோடினில் தண்ணீர் கலந்து, அரைத்த கிழங்கின் மேல் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகும். மாவுச்சத்து என்று பாடநூல் சொல்வது கண்ணுக்குத் தெரியும். கணக்கில் தொடங்கியது புவியியலைத் தொட்டு அறிவியலுக்கும் போய்விட்டது, பார்.

நாமக்கல் பள்ளி என்றால் முட்டைத் தட்டு இருக்கவே இருக்கிறது. ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு: முப்பது. பெருக்கல் வாய்ப்பாட்டை அதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவியை எந்தக் கம்பெனியும் செய்து விற்கவில்லை.

சேலத்துக்கும் அறிவியலைப் பேச்சுத் தமிழில் சொல்வதற்கும் ஒரு பழைய உறவு உண்டு. அங்கே வழக்கறிஞராக இருந்த ராஜாஜி, 1916இல் வெங்கடசுப்பையருடன் சேர்ந்து தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்க ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் ‘திண்ணை ரசாயனம்’ என்று வேதியியலைப் பற்றியும், ‘தாவரங்களின் இல்லறம்’ என்று செடிகளின் இனப்பெருக்கத்தைப் பற்றியும் சிறு நூல்கள் எழுதினார். தலைப்புகளைக் கவனி. ரசாயனம் ஆய்வுக்கூடத்தை விட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. மகரந்தச் சேர்க்கை ஒரு குடும்பக் கதையாகிவிட்டது. அதே மனிதர் முதலமைச்சராக இருந்தபோது, 1953இல், தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து மிச்ச நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் போட்டார். ‘குலக்கல்வி’ என்று எதிர்ப்பு கிளம்பி, மறு ஆண்டு காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. புத்தகத்தைப் பாராட்டலாம், திட்டத்தை மறக்க வேண்டியதில்லை. பிள்ளையின் வீட்டுத் தொழிலை வகுப்பறைக்குள் கொண்டுவருவது ஒன்று. பிள்ளையை அந்தத் தொழிலுக்குள் திருப்பி அனுப்புவது வேறொன்று. பட்டுக்கூட்டையும் முட்டைத் தட்டையும் கையிலெடுக்கிற ஆசிரியருக்கு இந்த வேறுபாடு எப்போதும் நினைவிருக்க வேண்டும்.

தமிழில் வேறென்ன இருக்கிறது என்று கேட்பாய். நிறைய. கொங்கு மண்ணில் பிறந்த பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு குழந்தைகள் கலைக்களஞ்சியம் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அதில் சில தகவல்கள் பழசாகியிருக்கும். எது பழசு என்று கண்டுபிடிப்பதையே ஐந்தாம் வகுப்புக்கு வேலையாகக் கொடுக்கலாம். இரா. நடராசனின் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ 2014இல் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய விருது பெற்றது; வேதாளம் கேட்கிற கேள்வியெல்லாம் அறிவியல் கேள்வி. 2023இல் அதே விருதைப் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைச் சுற்றி நடக்கும் நாவல். கீழடிப் பானை ஓடுகளில் ஆதன் என்ற பெயர் கீறப்பட்டிருக்கிறது. தன் வயதுப் பையன் ஒருவனின் பெயராக அதைக் கேட்ட பிள்ளைக்கு, சமூக அறிவியல் பாடத்தில் வரும் ‘தமிழி எழுத்து’ வெறும் சொல்லாக இருக்காது. நாவல் சற்றுப் பெரியது. நாலாம் வகுப்புக்கு என்றால் தினம் பத்து நிமிடம் நீயே வாய்விட்டுப் படித்துக் காட்டு. கதை சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்து; மறுநாள் வருகைப் பதிவேட்டில் பலன் தெரியும்.

ஆற்றுப் பாடத்துக்கு ஏற்ற புத்தகம் கிடைக்காவிட்டால் வகுப்பே ஒன்றை எழுதலாம். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் சேர்கிறது. ஒரு சார்ட் தாளை மடித்தால் எட்டுப் பக்கம். மலை ஒரு பக்கம், நகரத்துச் சாக்கடை கலக்கும் இடம் ஒரு பக்கம், தங்கள் ஊர் ஒரு பக்கம். முன்பு ஆற்றில் குளித்தார்களா, என்ன மீன் பிடித்தார்கள் என்று அப்பாருவையும் அமுச்சியையும் கேட்டு வந்து எழுதட்டும். கடைசிப் பக்கத்துக்குக் காவிரியின் மேட்டூர் அணை: 1934இல் கட்டி முடிந்தது, முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 120 அடி. அன்றைய நீர்மட்டம் நாளிதழிலேயே வருகிறது. 120இலிருந்து அதைக் கழித்தால் ஒரு கழித்தல் கணக்கு. ஒரு வாரம் தொடர்ந்தால் ஒரு வரைபடம்.

இனி முடியாததைச் சொல்ல வேண்டும். நீள்வகுத்தலை எந்தக் கதையும் சொல்லிக்கொடுக்காது. எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையிடம் நல்ல புத்தகத்தை நீட்டினால் மட்டும் படிப்பு வந்துவிடாது. அதற்கு அரசுப் பள்ளிகளின் ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்புகளில் செய்வதுபோல அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பொறுமையாகப் பயிற்சி கொடுத்தாக வேண்டும். கதைப் புத்தகம் வந்தால் பாடநூலே வேண்டாம் என்பவர்கள் ஐந்து வகுப்பையும் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து பார்க்கிற பள்ளியில் ஒரு வாரம் இருந்து பார்த்ததில்லை.

இன்னொரு தவறு இதைவிடப் பரவலானது. கதை முடிந்த மறுகணமே “இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?” என்று கேட்பது. பிறகு கோடிட்ட இடத்தை நிரப்புதல், பொருத்துதல். மூன்று முறை அப்படிச் செய்தால் கதை என்றாலே அடுத்து ஒரு தேர்வு இருக்கிறது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள். முதல் வாசிப்பு கதைக்கு மட்டும் இருக்கட்டும். பாடம் மறுநாள் வரட்டும், அதுவும் பிள்ளை எழுப்பிய கேள்வியின் வழியாக.

குஜராத்தின் பாவநகரில் கல்வியாளர் கிஜூபாய் பதேகா இதைத்தான் செய்து பார்த்தார். தன் அனுபவத்தை 1930களில் ஒரு கற்பனை ஆசிரியரின் கதையாக எழுதினார். தமிழில் ‘பகல் கனவு’ என்ற பெயரில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. அந்த ஆசிரியர் நாலாம் வகுப்பில் நுழைந்து, முதலில் அமைதி விளையாட்டு நடத்திப் பார்த்துத் தோற்றுப்போவார். பிறகு கதை சொல்லத் தொடங்குவார். பிள்ளைகள் பாடநூல் வாங்க வைத்திருந்த பணத்தில் கதைப் புத்தகங்கள் வாங்கி வகுப்பு நூலகம் அமைப்பார். போர்ஷன் என்ன ஆகும் என்று மேலதிகாரியும் பெற்றோரும் கேட்பது அதிலும் வரும். ஆண்டு முடிவில் அவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். நீயும் சொல்லியாக வேண்டும். அதனால் உன் பாடக் குறிப்பேட்டில் எந்தப் புத்தகம், எந்தக் கற்றல் விளைவு என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடு. பார்வையிட வருகிறவருக்கு அந்த வரி போதும்.

புத்தகத்துக்கு அலைய வேண்டியதில்லை. 2023இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக அரசுப் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. நாலு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ‘ஊஞ்சல்’ இதழ் வருகிறது. அதற்கு முன்பே புத்தகப் பூங்கொத்துத் திட்டத்தில் வந்தவை பல பள்ளிகளில் இன்னும் புதுக்கருக்கோடு இருக்கின்றன; யாரும் தொடாததால் வந்த புதுக்கருக்கு அது. ஆகவே பள்ளிக்குப் போன முதல் நாளே, புத்தக பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரி. தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தூசி தட்டி, பத்துப் புத்தகத்தை மட்டும் வகுப்பில் கயிறு கட்டிப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடு. கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம் என்று பதிவேட்டைப் பார்க்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வை. எந்தப் பத்தை எடுத்தாய், அவற்றில் எது முதலில் கிழிந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
பெரியப்பா