நூலக அட்டைக்கு ஒரு தொலைநோக்கி

ஒரு நூலகத்துக்குத் தொலைநோக்கி வாங்கிக் கொடுப்பது பெரிய காரியமில்லை. நாலு பேர் மனது வைத்தால் பணம் திரண்டுவிடும். சால்வை, போட்டோ, நன்றியுரை எல்லாம் ஒரே காலையில் முடிந்துவிடும். கொடுத்த கருவி பீரோவை விட்டு வெளியே வருவதுதான் பெரும்பாடு. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கம் தொலைநோக்கியைத் தூக்கிப்போய் வானம் காட்டும் சிறு குழுவில் நானும் ஒருவன். பார்த்து முடித்ததும் எந்த ஊரிலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இதை இங்கேயே வெச்சுட்டுப் போக முடியாதா சார்?" அதற்குப் பதில் தேடப்போய்க் கற்றவை இவை.

வழி காட்டியவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். நியூ ஹாம்ப்ஷயர் வானியல் கழகம் 2008 டிசம்பரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. புத்தகம் எடுப்பதுபோல நூலக அட்டையைக் காட்டித் தொலைநோக்கியையும் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். மார்க் ஸ்டோபிரிட்ஜ் என்பவரின் யோசனை அது. பிறகு மாநிலம் மாநிலமாகப் பரவியது. அவர்கள் தேர்ந்தெடுத்தது நாலரை அங்குல ஆடியுள்ள, மேசைமேல் வைத்துப் பார்க்கும் எளிய கருவி. முக்காலி கிடையாது, மோட்டார் கிடையாது. குவியத் தொலைவு 450 மி.மீ. அதில் 8 முதல் 24 மி.மீ. வரை மாறும் ஜூம் ஐபீஸைப் (கண்ணருகு வில்லை) பொருத்தினால் 19 மடங்கிலிருந்து 56 மடங்கு வரை பெரிதாகும். நிலாவின் பள்ளங்களுக்கும் வியாழனின் நாலு நிலவுகளுக்கும் அது தாராளம். 500 மடங்கு என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து, ஆடும் முக்காலியோடு ஆன்லைனில் விற்கும் சாமானை யார் நன்கொடையாகத் தந்தாலும் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்தக் கழகத்தாரின் சாமர்த்தியம் கருவியில் செய்த சில்லறை வேலைகளில்தான் இருக்கிறது. ஐபீஸைக் கழற்ற முடியாதபடி இறுக்கிவிட்டார்கள். தூசு மூடிகளைக் கயிற்றால் குழாயோடு கட்டினார்கள். ஆடியைச் சரிசெய்யும் திருகுகளைக் கையால் திருக முடியாதபடி மாற்றினார்கள். படிக்கும்போது அற்பமாகத் தோன்றும். மலையில் ஒரு ராத்திரி பிள்ளைகள் நடுவே நின்றால் அருமை புரியும். முதலில் கழன்று வருவது ஐபீஸ்தான். அதைப் பிடித்திருக்கும் குட்டித் திருகு புல்லுக்குள் விழுந்தால் நாலு டார்ச் அடித்தும் கிடைக்காது. அடுத்துக் காணாமல் போவது மூடி. மூடி போனால் தூசு படியும். தூசு படிந்தால் நல்லெண்ணத்தோடு ஒருவர் வேட்டி நுனியால் ஆடியைத் துடைத்து வைப்பார். வீட்டுக் கண்ணாடிக்குப் பூச்சு பின்பக்கம். இந்த ஆடிக்கு அலுமினியப் பூச்சு முன்பக்கமே இருக்கிறது. ஒரு துடைப்பிலேயே கீறிவிடும். கொஞ்சம் தூசோடு இருந்தால் காட்சிக்கு ஒன்றும் குறையாது.

கருவியை விடச் சிக்கலானது பதிவேடு. நூலகர் ஒருவர் ஒளிக்காமல் சொன்னார்: "இருப்புப் பதிவேட்டுல ஏத்திட்டா, தொலைஞ்சா நான்தான் சார் கட்டணும். பூட்டி வெச்சா யாரும் என்னைக் கேக்க மாட்டாங்க." அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தணிக்கைக்குப் பயந்து பூட்டப்படும் கருவி, இல்லாத கருவிதான். ஆகவே என் கருத்து இது: நன்கொடையாகக் கொடுக்காதீர்கள், இரவலாக வையுங்கள். உடைமை குழுவுக்கு, சுற்றுக்கு விடும் வேலை நூலகத்துக்கு. உடைந்தால் குழு பொறுப்பு என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நியூ ஹாம்ப்ஷயரில் ஒவ்வொரு கருவிக்கும் கழகத்திலிருந்து வளர்ப்புப் பெற்றோர் என்று ஒருவர் உண்டு. பழுது பார்ப்பது அவர் பாடு. கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் குலுங்கி ஏறும் கருவிக்கு ஆடி இசைவு மாறிக்கொண்டே இருக்கும். அப்படி ஒருவர் இங்கே கட்டாயம் வேண்டும்.

இன்னொரு சங்கடம், நூலகம் இருட்டும்முன் மூடிவிடும். கல்வராயன் மலையில் அதற்கும் வழி இருக்கிறது. இங்கே பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உண்டு. ராத்திரி பிள்ளைகள் அங்கேயே இருப்பார்கள். முதல் உறுப்பினராக விடுதி ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள். தனி வீட்டுக்குப் போகும் கருவி ஒரு குடும்பத்துக்குப் பயன்படும், விடுதிக்குப் போனால் ஒரு பள்ளிக்கே பயன்படும். உள்ளூர் ஆட்களை நம்பிக் கருவி கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிதுமில்லை. லடாக்கின் ஹான்லே இருண்ட வானக் காப்பகத்தில் உள்ளூர்க்காரர்கள் 24 பேருக்குப் பயிற்சி கொடுத்து, தொலைநோக்கியும் கொடுத்து, வருபவர்களுக்கு வானம் காட்ட வைத்திருக்கிறார்கள். அதைச் செய்த இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் நமக்கு வடக்கே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தையும் நடத்துகிறது. பக்கத்துக் கொல்லிமலையிலும் இருண்ட வானப் பூங்கா அமைக்க அரசு அறிவித்திருக்கிறது. வெள்ளிமலை வானமும் லேசுப்பட்டதில்லை.

கையேட்டை நீங்களே தமிழில் எழுதுங்கள், நாலு பக்கம் போதும். அமெரிக்கக் கையேட்டை மொழிபெயர்த்தால் நம் தெற்கு வானம் விட்டுப்போகும். ஏப்ரல், மே மாத இரவுகளில் இங்கிருந்து தெற்கே முப்பது பாகைக்கு மேல் ஏறி நிற்கும் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து, நியூ ஹாம்ப்ஷயர்க்காரர் கண்ணில் படவே படாது. நிலாவைப் பௌர்ணமியன்று காட்ட வேண்டாம்: கூட்டம் சேரும், ஆனால் கண் கூசுமே தவிரப் பார்க்க ஒன்றுமிருக்காது. வளர்பிறை ஏழு, எட்டு நாளில் பள்ளங்களின் நிழல் நீண்டு விழும்போது காட்டுங்கள். கார்த்திகைக் கூட்டத்தைக் குறைந்த பெருக்கத்தில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இரவல் கொடுக்கவே வேண்டாம். அப்போது கருவியை நன்கு உலரவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மலை ஈரத்தில் மூடிய பெட்டிக்குள் வில்லையில் பூஞ்சை பிடித்துவிடும்.

ஒரே ஒரு விதியை மட்டும் குழாயின் மேலேயே சிவப்பில் எழுதி ஒட்டுங்கள்: சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது. கருவி நூலகத்தை விட்டுப் புறப்படுவது பட்டப்பகலில். எடுத்துப்போகும் வழியிலேயே பிள்ளைகளுக்கு ஆசை வரும். கண நேரம் போதும், பார்வை திரும்ப வராது. இதை வாயாலும் சொல்லி, கையெழுத்து வாங்கிய பிறகே கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் தொலைநோக்கி ஏதாவது சும்மா கிடந்தால், அதைத் துடைக்காமல் எடுத்துக்கொண்டு பக்கத்து நூலகத்துக்குப் போங்கள். கடிதம், நிபந்தனையெல்லாம் அப்புறம். முதலில் ஒரு சாயங்காலம் நூலகருக்கு நிலாவைக் காட்டுங்கள். தான் பார்த்திராத கருவியை எந்த நூலகரும் துணிந்து இரவல் தர மாட்டார்.